பிறர் அறிய உபவாசம் இருப்பது எப்படி?

சாப்பிடாமல் இருப்பதற்குக் கையேடு தேவையில்லை. வேலை மும்முரத்தில் ஒரு வேளைச் சாப்பாடு தானாகவே விட்டுப்போகும். சாப்பிடாமல் இருப்பது நாலு பேருக்குத் தெரிய வேண்டும், நாமாகச் சொன்ன மாதிரியும் இருக்கக் கூடாது என்று வரும்போதுதான் விஷயம் நுணுக்கமாகிறது. பாளையங்கோட்டை, நாகர்கோவில், தூத்துக்குடிப் பக்கம் இந்த வித்தை நன்றாகவே வளர்ந்திருக்கிறது. ஆனாலும் புதிதாகத் தொடங்குகிறவர்கள் மூத்த விசுவாசிகளைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவர்கள் வசதிக்காகச் சில குறிப்புகள்.

முகம்

தாடியில் தொடங்குங்கள். சாம்பல் புதனன்று காலையில் ரேசரை எடுத்துக் கைக்கு எட்டாத தட்டில் வைத்துவிடுங்கள். முதல் வாரம் யாரும் கவனிக்க மாட்டார்கள். இரண்டாம் வாரம் சோம்பேறித்தனம் என்று நினைத்துக்கொள்வார்கள். மூன்றாம் வாரம் பஸ் ஸ்டாண்டில் யாராவது நிறுத்தி, “என்ன அண்ணாச்சி, உடம்புக்கு முடியலையா?” என்று கேட்பார்கள். இந்த ஒரு கேள்விக்காகத்தான் இத்தனை நாள் சொறிந்துகொண்டு காத்திருந்தீர்கள். உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். பார்வையைத் தரைக்குக் கொண்டுபோய், மூச்சை மெதுவாக விட்டு, “ஒண்ணுமில்ல, லெந்து நாள்லா” என்று சொல்லுங்கள். கத்தோலிக்கர் என்றால் “தவக்காலம்லா”. கடைசி ‘லா’வை இழுக்கக் கூடாது. இழுத்தால் பெருமையடிக்கிற மாதிரி ஆகிவிடும்.

பெண்களுக்குத் தாடி வசதி கிடையாது. வளையலைக் கழற்றிவைக்கலாம், வெளிறிய சேலையாகப் பார்த்துக் கட்டலாம். பெந்தெகொஸ்தே சகோதரிகளுக்கு அதற்கும் வழியில்லை. அவர்கள் ஆண்டு முழுவதும் கழற்றித்தான் வைத்திருக்கிறார்கள். குரலைத் தாழ்த்திப் பேசிப் பார்க்கலாம்.

மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரம் இந்த இடத்தில் கொஞ்சம் இடைஞ்சல் செய்யும். உபவாசம் இருக்கிறவன் முகத்தைத் தொங்கப்போடக் கூடாது, எண்ணெய் தேய்த்து முகம் கழுவிப் பளிச்சென்று இருக்க வேண்டும், விஷயம் கடவுளுக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்று இயேசு அங்கே திட்டமாகச் சொல்லிவிட்டார். இதில் பெரிய வேடிக்கை, கத்தோலிக்கக் கோவில்களில் சாம்பல் புதன் பூசையில் வாசிக்கிற நற்செய்தியே இதுதான். வெளியே காட்டிக்கொள்ளாதே என்று கேட்ட கையோடு வரிசையில் போய் நின்று, போன வருஷத்துக் குருத்தோலையை எரித்த சாம்பலால் நெற்றி நடுவே சிலுவை வாங்கிக்கொண்டு வெளியே வருகிறோம். சாம்பல் எதற்கு என்று கேட்டால், மண்ணுக்குப் போகிறவன் நீ என்று உனக்கே நினைவூட்டத்தான் என்று ஃபாதர் சொல்வார். அது அவர் வேலை. உங்கள் வேலை, வெயில் ஏறுவதற்குள் செல்ஃபி எடுத்துவிடுவது. தெற்கத்தி வெயிலில் பதினோரு மணிக்கெல்லாம் சாம்பல் வியர்வையோடு வழிந்து மூக்குக்கு வந்துவிடும்.

நாள் கணக்கு

சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின சனி வரை எண்ணினால் 46 நாள் வரும். ஞாயிற்றுக்கிழமை உயிர்த்தெழுதலின் நாள். அன்று நோன்பு கிடையாது. ஆறு ஞாயிறு கழித்தால் 40. இறையியலில் வேறெதையும் படிக்காவிட்டாலும் இந்தக் கழித்தல் கணக்கைப் படித்துவைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு மத்தியானம் மட்டன் கடை வரிசையில் நிற்கும்போது சபை மூப்பர் யாராவது எதிர்ப்பட்டால் உதவும். அவரும் அதே வரிசையில்தான் நிற்பார் என்பது வேறு விஷயம்.

கத்தோலிக்கர்களுக்குச் சட்டம் எழுத்திலேயே இருக்கிறது. 14 வயது முடிந்தவர்களுக்குச் சுத்தபோசனம், அதாவது இறைச்சி விலக்கு. 18 முடிந்ததிலிருந்து 59 முடியும்வரை ஒருசந்தி. ஒருசந்தி கட்டாயமான நாட்கள் சாம்பல் புதன், பெரிய வெள்ளி என்று இரண்டே இரண்டு. அன்று முழுச் சாப்பாடு ஒரு வேளை. மற்ற இரண்டு வேளை கொஞ்சமாக எடுத்துக்கொள்ளலாம். இரண்டையும் சேர்த்தாலும் ஒரு முழுச் சாப்பாட்டின் அளவுக்கு வரக் கூடாது என்று வழக்கமாகச் சொல்லித் தருவார்கள். முழுச் சாப்பாடு என்றால் எத்தனை கரண்டி என்று யாரும் சொல்லித் தரவில்லை. இந்த மௌனத்தை வீணாக்காதீர்கள். மத்தியானச் சாப்பாட்டைப் போதுமான அளவு பெரிதாக்கிவிட்டால் காலையும் இரவும் நியாயமாகவே வளர்ந்துகொள்ளும்.

நற்கருணைக்கு முந்தைய நோன்பின் கதையும் இப்படித்தான். அந்தக் காலத்தில் நள்ளிரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக் கூடாது. 1953இல் தண்ணீர் குடிக்கலாம் என்றார்கள். 1957இல் மூன்று மணி நேரம் போதும் என்று ஆனது; 1964இல் ஒரு மணி நேரம். அதுவும் பூசை தொடங்கும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுவதில்லை, நற்கருணை வாங்கும் நேரத்திலிருந்துதான். ஆகவே பிரசங்கம் நீளுகிற பங்கில் இருப்பவர், முதல் மணி அடிக்கும்போது கோவில் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தாலும் சட்டத்துக்கு உட்பட்டவரே.

சீர்திருத்த சபைக்காரர்கள் 1522ஐ மனப்பாடம் செய்துகொள்வது நல்லது. சூரிச் நகரத்தில் அச்சகம் நடத்திய கிறிஸ்டோஃப் ஃபுரோஷௌவர் லெந்து நாளில் தன் ஆட்களுக்குச் சாசேஜ் பரிமாறினார். கூடவே உட்கார்ந்திருந்த அந்நகரத்துப் போதகர் உல்ரிச் சுவிங்ளி ஒரு துண்டும் வாயில் வைக்கவில்லை. ஆனால் பிறகு, எதைச் சாப்பிடுவது என்பது கிறிஸ்தவனின் சுதந்திரம் என்று பிரசங்க மேடையில் அவர் வாதாட, ஊர் ரெண்டுபட்டது. சாசேஜைத் தின்றவர்களைவிடத் தின்னாதவர் பெயரே சரித்திரத்தில் பெரிதாக நிற்கிறது என்பதை நம் துறையினர் கவனிக்க வேண்டும். சி.எஸ்.ஐ. அன்பர்கள் ஒன்றில் மட்டும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஆங்கிலிக்கன் முன்னோர்களின் 1662 ஜெபப் புத்தகம், லெந்தின் நாற்பது நாளோடு ஆண்டின் வெள்ளிக்கிழமைகளையும் உபவாச நாளாகப் பட்டியல் போட்டிருக்கிறது. கிறிஸ்துமஸ் வெள்ளியில் வந்தால் மட்டும் விதிவிலக்கு. “கட்டாயம் எல்லாம் ஆர்.சி.க்காரங்களுக்குத்தான்” என்று பேசிக்கொண்டிருக்கும்போது அந்தப் புத்தகம் பக்கத்தில் இருக்கக் கூடாது.

வெள்ளிக்கிழமைக் குழம்பு

இறைச்சி விலக்கு என்பதில் மீன் சேராது. கடற்கரைக் கத்தோலிக்கனுக்குத் திருச்சபை செய்த இந்த உபகாரத்துக்கு என்ன கைம்மாறு செய்ய முடியும்?

தவக்கால வெள்ளியில் தூத்துக்குடி மீன் சந்தைக்குக் காலையிலேயே போய்விட வேண்டும். சீலா மீன் கிலோ என்ன விலை என்று கேளுங்கள். பிறகு பிராய்லர் கோழி விலையை நினைத்துப் பாருங்கள். எவ்வளவு பெரிய தியாகம் செய்யப்போகிறீர்கள் என்பது அப்போது விளங்கும். வயிற்றுப் பக்கத்துத் துண்டு வேண்டாம், நடுத்துண்டாக, விரல் கனத்துக்கு வெட்டச் சொல்லுங்கள். நடுமுள் வட்டமாகத் தெரிய வேண்டும். மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, கொஞ்சம் எலுமிச்சம்பழச் சாறு. அரை மணி நேரம் ஊறட்டும். தோசைக்கல்லில் எண்ணெய் சுட்டதும் போட்டு, ஓரம் சிவந்து தானாக விட்டுக்கொடுக்கும்வரை திருப்பக் கூடாது. பொறுமையும் ஒரு புண்ணியம்தானே. தலையையும் வாலையும் தேங்காய் அரைத்துக் குழம்பு வையுங்கள். மாங்காய் அப்போதுதான் சந்தைக்கு வர ஆரம்பித்திருக்கும். நாலு கீற்று போட்டுக்கொள்ளலாம். தொட்டுக்கொள்ள மாசிச் சம்பல். மாசியும் மீன்தான், பயப்பட வேண்டாம். சாயங்காலம் சிலுவைப்பாதைக்குப் போகும்போது பதினான்கு நிலையிலும் முழங்காலிட வேண்டியிருக்கும் என்பதால் மூன்றாம் தடவை சாதம் போட்டுக்கொள்ளாமல் இருப்பது உத்தமம்.

மனச்சாட்சி குத்தினால் உலகத்தைப் பாருங்கள். வெனிசுலாவில் தண்ணீரில் கிடக்கிற கேபிபாரா என்ற பெரிய எலிக்கூட்டத்துப் பிராணியைத் தவக்காலத்தில் மீன் கணக்கில் சேர்த்துச் சாப்பிடுகிறார்கள். 2010இல் நியூ ஆர்லியன்ஸ் பேராயரிடம் ஒருவர் கேட்க, முதலையினத்தைச் சேர்ந்த அலிகேட்டரை மீன் வகையில் வைத்துக்கொள்ளலாம் என்று அவர் எழுதிக்கொடுத்தார். பிரான்ஸில் ரூவான் நகரப் பேராலயத்தின் ஒரு கோபுரத்துக்கு வெண்ணெய்க் கோபுரம் என்றே பெயர். தவக்காலத்தில் வெண்ணெய் தின்ன அனுமதி வாங்கியவர்கள் கட்டிய காசில் எழுந்தது என்று சொல்கிறார்கள். இத்தனைக்கும் நடுவில் ஒரு சீலாத் துண்டு எம்மாத்திரம்?

எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் சபைக்காரர்களைப் பற்றி மட்டும் விசாரிக்காதீர்கள். சாதாரண விசுவாசிகளுக்கே ஆண்டில் ஏறத்தாழ 180 நாள் நோன்பு. இறைச்சி, பால், முட்டை எதுவும் கிடையாது. பக்கத்துக் கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்களிடமும் பேச்சுக் கொடுக்க வேண்டாம். ஐம்பது நாள் நோன்பு போதாதென்று, நினிவே நகரத்தார் நினைவாக மூன்று நாள் நோன்பும் வைத்திருக்கிறார்கள். யோனாவின் புத்தகத்தில் நினிவேயின் ஆடுமாடுகளும் சேர்ந்து உபவாசம் இருந்தன. நம் ஊரில் ஆடுகளுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை மட்டும்தான்.

விருந்தும் கூட்டமும்

உபவாச நாளில் யாராவது சாப்பிடக் கூப்பிட்டால் மறுக்காதீர்கள். போய், பந்தியில் உட்கார்ந்து, இலை போட்ட பிறகு வேண்டாம் என்று சொல்வதுதான் முறை. இதில் நமக்கெல்லாம் முன்னோடி ஒருவர் எகிப்திய பாலைவனத்தில் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கிறார். கெல்லியா என்ற இடத்தில் திருநாள் ஒன்றுக்குத் துறவிகள் கூடிச் சாப்பிட்டார்கள். ஒரு தம்பித் துறவி பரிமாறுகிறவரிடம், தான் சமைத்ததைத் தொடுவதில்லை, உப்பு மட்டும் போதும் என்றார். பரிமாறியவர் உள்ளே பார்த்து, இந்தச் சகோதரர் சமைத்தது சாப்பிட மாட்டாராம், உப்புக் கொண்டுவாருங்கள் என்று எல்லோர் காதிலும் விழக் குரல் கொடுத்தார். பெரியவர் ஒருவர் எழுந்து, இந்தப் பேச்சு இத்தனை பேர் காதில் விழுந்ததற்கு, நீ உன் அறையில் உட்கார்ந்து இன்றைக்கு இறைச்சியே தின்றிருக்கலாம் என்று சொல்லிவிட்டார். பெரியவர்களை முன்வரிசையில் உட்காரவைத்தால் வரும் வினை இது. அதே பாலைவனத்தில் இன்னொரு கிழவர், விருந்தாளி வந்ததும் தன் நோன்பை முறித்துக் கூடச் சாப்பிட்டாராம். நோன்பு என்னோடு எப்போதும் இருக்கும், நீங்கள் இருக்க மாட்டீர்களே என்றாராம். அவர் பெயர்கூட நமக்குத் தெரியவில்லை. இதிலிருந்தே யார் வழி நல்ல வழி என்று புரிந்துகொள்ளலாம்.

தனியாக உபவாசம் இருக்க முடியாதவர்களுக்கு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபக் கூட்டம். காலை பத்து மணிக்குத் தொடங்கி ரெண்டு மணிக்கு முடியும். எட்டரைக்கு இட்லி சாப்பிட்டு வந்தவருக்கு மத்தியானச் சாப்பாடு ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். அதையும் சபையே லெமன் சாதமாகப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடும். ஜெப விண்ணப்பம் சொல்லும் நேரத்தில் விழிப்பாக இருங்கள். “ஆண்டவர் ஒரு பாரத்தைக் கொடுத்தார்” என்று தொடங்கினால் அடுத்த தெருச் சகோதரியின் மகன் யாரோடு பைக்கில் போனான் என்பதுவரை ஸ்தோத்திரத்தோடு சொல்லி முடிக்கலாம். வெறும் வயிற்றில் கேட்கும்போது செய்தி நன்றாகப் பதியும்.

இளைஞர்களுக்கு வாட்ஸ்அப் உபவாசம் இருக்கிறது. நாற்பது நாள் வரமாட்டேன் என்று குடும்பக் குழுவில் அறிவித்துவிட்டு, யார் யார் கைகூப்பி அனுப்பியிருக்கிறார்கள் என்று பார்க்க அவ்வப்போது வந்து போகலாம்.

வீட்டில்

காபி குடிக்கிற வழக்கம் உள்ளவர் அதை நிறுத்தினால் மறுநாள் காலையில் மண்டையைப் பிளக்கும். அது காஃபீன் கேட்டு உடம்பு போடுகிற சத்தம். நீங்கள் அதை ஆவிக்குரிய போராட்டம் என்று சொல்லிக்கொள்ளலாம். போராட்டத்தில் இருப்பவரிடம் யாரும் பேசக் கூடாது. பிள்ளைகள் டிவி சத்தத்தைக் குறைக்க வேண்டும். பாத்திரம் தேய்க்க வரும் அக்கா பத்து நிமிஷம் தாமதமாக வந்தால், மற்ற நாட்களில் விழுங்கிக்கொள்கிற வார்த்தையை அன்று வெளியே விடலாம். உபவாச நாளில் வேலைக்காரர்களை வாட்டியெடுப்பதையும் வாய்ச்சண்டை போடுவதையும் ஏசாயா தீர்க்கதரிசி 58ஆம் அதிகாரத்தில் கடுமையாகப் பேசியிருக்கிறார்தான். அவர் உங்கள் வீட்டு அக்காவைப் பார்த்ததில்லை.

வீட்டம்மாவும் உபவாசம் என்றால் சில நடைமுறைகள் உண்டு. மாமியாருக்கு மாத்திரைக்கு முன் இட்லி அவிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு டிபன் பாக்ஸ் கட்ட வேண்டும், தாளிக்கிற வாசனையை மூக்கில் வாங்கிக்கொண்டு, உப்புச் சரியாக இருக்கிறதா என்று நாக்கில் வைத்துப் பார்க்காமலே. நாலு மணிக்கு ஐயா உபவாசம் முடிக்கும்போது கஞ்சி இளஞ்சூட்டில் தயாராக இருக்க வேண்டும், துவையல் தனியாக. அதன்பின் அவர் மேசையில் கண் மூடி நீளமாக ஜெபித்து முடிக்கும்வரை நிற்க வேண்டும். இத்தனைக்குப் பிறகும் சபையில் சாட்சி சொல்ல மைக் ஐயாவிடம்தான் போகும். இந்த ஏற்பாட்டில் மாற்றம் எதுவும் சிபாரிசு செய்வதற்கில்லை, நன்றாகவே நடந்துகொண்டிருக்கிறது.

நாற்பது நாள்

ஊழியக்காரர்களுக்கு மட்டும். முன்னுதாரணம் மோசே, எலியா, இயேசு என்று மூன்று பேர். மூவரும் தனியாகப் போனார்கள், ஃப்ளெக்ஸ் வைக்கவில்லை. நீங்கள் வைக்கலாம். படத்தில் முகம் வானத்தைப் பார்க்கட்டும், 40 என்ற எண் முகத்தைவிடப் பெரிதாக இருக்கட்டும். நாற்பது நாள் முடிவில் இயேசுவுக்குப் பசித்தது என்று நற்செய்தியாளர்கள் ஒளிக்காமல் எழுதிவைத்திருக்கிறார்கள். உங்களுக்குப் பசிக்கவே இல்லை என்று சொல்லிக்கொண்டால் அவரைவிட ஒரு படி மேலே போய்விடலாம்.

இந்த இடத்தில் கேலியைக் கொஞ்சம் ஓரம் வைக்கிறேன். இன்சுலின் போடுகிறவர்களும் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் பட்டினி கிடந்தால் சர்க்கரை தாழ்ந்து, வேர்த்து, கை நடுங்கி, நினைவு தப்பலாம். நீண்ட பட்டினிக்குப் பிறகு ஒரேயடியாகச் சாப்பிட்டாலும் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கர்ப்பிணிகளும் பிள்ளைகளும் நோயாளிகளும் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. 2023இல் கென்யாவின் ஷகஹோலா காட்டில், பட்டினி கிடந்து செத்தால் இயேசுவைச் சந்திக்கலாம் என்று நம்பவைக்கப்பட்டவர்களின் உடல்களைத் தோண்டத் தோண்ட நானூறைத் தாண்டியது. அதில் குழந்தைகள் ஏராளம்.

உண்டியல்

கடைசியாகக் காசு விஷயம். ஆதிச் சபையார் இதில் விவரமில்லாதவர்கள். இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் எழுதப்பட்ட ‘எர்மாவின் மேய்ப்பன்’ என்ற நூல், உபவாச நாளில் அப்பமும் தண்ணீரும் மட்டும் எடுத்துக்கொண்டு, சாப்பிட்டிருந்தால் என்ன செலவாகியிருக்கும் என்று கணக்குப் போட்டு, அந்தத் தொகையை விதவைக்கோ அநாதைக்கோ கொடுக்கச் சொல்கிறது. அதே நூற்றாண்டில் அரிஸ்டிடீஸ் என்ற ஏதென்ஸ்காரர் ரோமப் பேரரசருக்குக் கிறிஸ்தவர்களைப் பற்றி விளக்கி எழுதும்போது, தங்களில் ஓர் ஏழைக்குச் சாப்பாடு இல்லையென்றால், கொடுக்கத் தங்களிடமும் மிச்சமில்லையென்றால், இவர்கள் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்து அந்தச் சாப்பாட்டை அவனுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்கிறார். ஃப்ளெக்ஸ், தாடி, லெமன் சாதம் எதைப் பற்றியும் ஒரு வரி இல்லை. நம் பாட்டிமாரும் ஏறக்குறைய இந்த ரகம்தான். உலையில் போடுவதற்கு முன் அரிசியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைத்து, மாதக் கடைசியில் கோவிலுக்குக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். யார் எவ்வளவு போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. அரிசி அரிசியோடு கலந்துவிடும்.

இந்தக் கணக்குக்குள் நீங்கள் இறங்காதிருப்பது நல்லது. நாலு இட்லி, ஒரு வடை, ஒரு காபி என்று ஓட்டல் விலையில் நாளைக்கு நூறு ரூபாய் வைத்தாலே நாற்பது நாளுக்கு நாலாயிரம் வந்து நிற்கும். சீலா மீன் வகையில் ஏற்கெனவே கை கடித்திருக்கும். ஆகவே லெந்து தொடக்கத்தில் சபையில் கொடுக்கும் அட்டை உண்டியலை டிவிக்குப் பக்கத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்து, பல ஊர்களில் கடைக்காரர்கள் வாங்க மறுக்கிற பத்து ரூபாய் நாணயங்களை அதில் சேர்த்துவாருங்கள். ஈஸ்டரன்று விடியற்காலை ஆராதனையில் படைத்துவிட்டு, நேரே கறிக்கடைக்குப் போய்விடலாம். அங்கே உங்களுக்கு முன்பே சபையில் பாதி நிற்கும்.

உண்டியலின் அடியில் பெயர் எழுத இடம் விட்டிருப்பார்கள். இனிஷியலோடு தெளிவாக எழுதுங்கள். ரெண்டு மாதம் கழித்துச் சபைப் பத்திரிகையில் பெயரும் தொகையும் அச்சாகி வரும். ஒரே தெருவில் நாலு சாமுவேல் இருக்கிற ஊரில் இனிஷியல் விட்டுப்போனால், நீங்கள் இருந்த உபவாசம் அடுத்த வீட்டுக்காரர் கணக்கில் ஏறிவிடும்.